பசை: அரை கிராம்

ஒகுரி தமோத்சுவிடம் எதைக் கொடுத்தாலும் முதலில் இரண்டு விரல்மேல் நிறுத்திப் பார்ப்பார். குடையைக் கொடுத்தால் குடை, அகப்பையைக் கொடுத்தால் அகப்பை. காய்கறிக் கடையில் முழ நீள முள்ளங்கியைத் தூக்கி விரல்களில் கிடத்தி, அது எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைத் தேடிக்கொண்டிருப்பார். "ஒகுரி-சான், அது பறக்காது. வாங்கறதா இருந்தா வாங்குங்க, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க" என்று கடைக்காரி சத்தம் போடுவாள். தொயோஹாஷியில் டிராம் பாதையை ஒட்டி இருந்த அந்தத் தெருவில் அவருக்கு வேறு பெயரே வேண்டியிருக்கவில்லை. முள்ளங்கி நிறுத்துகிறவர் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

வேலை அப்படி. ககேஹி என்பவர் நடத்திய பட்டறையில் பொம்மை விமானங்களுக்குப் படம் வரைகிறவர் அவர். மொத்தம் எட்டுப் பேர் வேலை செய்த சின்னப் பட்டறை. ஒரு காகிதப் பையில் அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு மரக்குச்சி, இறக்கைக்கு மூங்கில் சிம்புகள், மெல்லிய காகிதம், முறுக்கிவிட ஒரு ரப்பர், முன்னால் சுழலும் விசிறி, ஒகுரி வரைந்த படம். வாங்கிப் போகிறவர்கள் மெழுகுவத்திச் சூட்டில் மூங்கிலை வளைத்து, காகிதம் ஒட்டி, ரப்பரை முறுக்கி விட வேண்டியதுதான். இறக்கையைக் குச்சியில் எங்கே வைப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. விமானத்தின் எடை எந்த இடத்தில் சமமாக நிற்கிறதோ அதற்குத் தக்கபடி இறக்கை உட்கார வேண்டும். கொஞ்சம் முன்னே போனால் மூக்கைத் தூக்கிக்கொண்டு தொங்கி வாலடியாக விழும். கொஞ்சம் பின்னே போனால் தரையில் குத்தும்.

மற்றவர்கள் கட்டிப் பார்த்துத்தான் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். ஒகுரி கட்டாத விமானத்துக்கே காகிதத்தில் சொல்லிவிடுவார். மருந்துக் கடைத் தராசு ஒன்று வைத்திருந்தார். விசிறி இத்தனை கிராம், மூக்கிலிருந்து இத்தனை தூரம். குச்சி இத்தனை, அதன் நடு இத்தனை தூரம். வால் இத்தனை, அது இத்தனை தூரம். ஒவ்வொன்றையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் சமநிலைப் புள்ளி மூக்கிலிருந்து எவ்வளவு தள்ளி என்று வந்துவிடும். ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாது. அதில் அவருக்குக் கர்வம் உண்டு, அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டே படுகிற கர்வம். அந்த வகைக்குத்தான் மருந்தே கிடையாது.

ஒகுரி வரைந்ததைக் கட்டிப் பறக்கவிட்டுப் பார்ப்பது நகயா ஃபுசயேயின் வேலை. புருஷன் போருக்குப் போய் வராத பெண்மணி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் அவருக்கு நாற்பத்தொரு வயது, ஒகுரியைவிட நான்கு வயது மூத்தவர். கை சுத்தம், வாய் கொஞ்சம் துடுக்கு. காலையில் ஆற்றங்கரையில் பறக்கவிட்டுவிட்டு, பனியில் நனைந்த பாதங்களோடு வந்து ஒகுரியின் மேஜைமேல் விமானத்தை வைப்பார். "உங்க பிள்ளை இன்னிக்கு நல்லபடியா நடந்துக்கிட்டான்" என்றால் சரியாகப் பறந்தது என்று அர்த்தம். "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றால் அன்று முழுக்க இரண்டு பேருக்கும் சண்டை. மதியத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பார்கள். ஃபுசயே தன் ஊறுகாய்ப் பிளம்மில் ஒன்றை, கேட்காமலே ஒகுரியின் சோற்றின்மேல் வைப்பார்.

ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு சோதனைத் தாள் உண்டு. அதில் மூன்று கட்டங்கள்: வரைந்தவர், பறக்கவிட்டவர், முதலாளி. மூன்றிலும் சிவப்பு மையில் முத்திரை விழுந்த பிறகுதான் மரம் அறுக்கப் போகும். முத்திரை என்றால் பெரிய விஷயமில்லை, குடும்பப் பெயர் செதுக்கிய விரல் நீளக் கட்டை. அவரவர் மேஜை இழுப்பறையில் கிடக்கும். ஆள் வெளியே போயிருந்தால் பக்கத்து மேஜைக்காரர் எடுத்துக் குத்திவிடுவார். எல்லாப் பட்டறையிலும் எல்லா அலுவலகத்திலும் நடக்கிறதுதான், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

அந்த வருஷம் வசந்தத்தில், மே மாதம் வரும் குழந்தைகள் தினத்தன்று ஆற்றங்கரை மைதானத்தில் போட்டி நடத்த நகரத்து வியாபாரிகள் முந்நூறு பைகள் கேட்டார்கள். விமானமே கட்டியிராத பிள்ளைகள் கட்டப்போகிறார்கள். ஒகுரிக்கு ஒரு யோசனை உதித்தது. இறக்கையை நகர்த்தி நகர்த்திப் பார்க்கிற வேலையே வேண்டாம். குச்சியில் பட்டறையிலேயே ஒரு வெட்டு வெட்டிக் கொடுத்துவிடலாம். அந்த வெட்டில் இறக்கையை மாட்டினால் அப்படியே பறக்கும். "வெட்டில் வை, பறக்கும்" என்று பையின்மேல் அச்சடிக்க வாசகமும் அவரே எழுதினார். முதலாளி ககேஹிக்கு வாய்கொள்ளாத சிரிப்பு.

ஃபுசயே சொன்னபடி கட்டினார், பறந்தது. பிறகு இன்னொன்று கட்டினார். அதை எடுத்துக்கொண்டு ஒகுரியின் மேஜைக்கு வந்தார். காகிதம் சுருங்கி, பசை முட்டு முட்டாக நிற்க, பார்க்கவே பரிதாபமாக இருந்தது அது.

"இது என்ன கண்றாவி?" என்றார் ஒகுரி.

"இடது கையால ஒட்டினேன். எட்டு வயசுப் பிள்ளை எப்படி ஒட்டும்னு தெரிஞ்சுக்கறதுக்கு. மூக்கைத் தூக்கிட்டு நிக்குது, அப்புறம் பொத்துன்னு விழுது."

"இடது கையால ஒட்டினா விழத்தான் செய்யும்."

"உங்க கணக்குல கடைசி வரி என்ன, சொல்லுங்க."

கடைசி வரி 'பசை: அரை கிராம்' என்று இருந்தது.

"அரை கிராம் எனக்கு. பிள்ளைங்க வாலை ஒட்டறப்ப, பிச்சுக்கும்னு பயந்து ட்யூபையே பிதுக்கிடும். ஒன்றரை கிராம் வரும். நிறுத்துப் பார்த்துட்டேன். வால்ல ஒரு கிராம் கூடினா உங்க புள்ளி எவ்வளவு நகரும், நீங்களே போட்டுப் பாருங்க."

ஒகுரி போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மனசுக்குள் உடனே வந்துவிட்டது. பன்னிரண்டு மில்லிமீட்டர்.

"வெட்டைப் பன்னிரண்டு மில்லி பின்னாடி தள்ளுங்க ஒகுரி-சான். சுத்தமா ஒட்டறவன் விமானம் கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான். மத்ததெல்லாம் பறக்கும்."

"படத்துல இருக்கற மாதிரி ஒட்டத் தெரியாதவங்களுக்காக நான் தப்பா வரையணுமா? கணக்கு சரியா இருக்கு."

"கணக்கு சரிதான். பிள்ளைங்கதான் தப்பா இருக்காங்க. அவங்களைத் திருத்தி வரையுங்களேன்."

அடுத்த மேஜையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் ஒகுரியைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டும். ஃபுசயே சொன்னது சரி என்று அவருக்குத் தெரியும். சிரிப்பு இல்லாதிருந்தால் சாயங்காலத்துக்குள் ஒத்துக்கொண்டிருப்பார். வெட்டை நகர்த்தாமல் முத்திரை போடமாட்டேன் என்று ஃபுசயேயும் போய்விட்டார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவருடைய புருஷனின் நினைவு நாளுக்காக விடுப்பு. மரம் அறுக்கிறவன் தாளைக் கேட்டு வாசலில் நின்றான். "என்ன ஒகுரி, இன்னும் ஆகலையா?" என்று முதலாளி உள்ளேயிருந்து கேட்டார்.

ஒகுரி ஃபுசயேயின் இழுப்பறையைத் திறந்தார். நகயா என்று செதுக்கிய கட்டையை எடுத்து, மையில் தொட்டு, நடுக் கட்டத்தில் குத்தினார். அவசரத்தில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

குழந்தைகள் தினத்தன்று காற்றே இல்லை, வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. முந்நூறு விமானங்கள் கிளம்பின. கிட்டத்தட்ட எல்லாமே மூக்கைத் தூக்கின, ஒரு கணம் தொங்கின, வாலடியாக விழுந்தன. பிள்ளைகள் எடுத்து மறுபடி விட்டார்கள், மறுபடி விழுந்தன. பத்துப் பதினைந்து பறந்திருக்கும். அவையெல்லாம் அப்பாமார் கட்டிக் கொடுத்தவை. முதலில் சிரித்த கூட்டம் பிறகு அமைதியாகிவிட்டது. ஒட்டின பிள்ளைகள் தங்கள் கையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு அழுதார்கள். அதைப் பார்த்தபடி ஒகுரி நின்றார். கூட்டத்தின் மறுபக்கத்தில் ஃபுசயேயும் நின்றார்.

மறுநாள் முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டார். வியாபாரிகள் இனி அந்தப் பட்டறைப் பக்கமே வரமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். சோதனைத் தாள் மேஜைமேல் கிடந்தது.

"ஒகுரியோட கணக்கு என்னிக்கும் தப்பினதில்லை" என்றார் ககேஹி. "பறக்கவிட்டுப் பார்த்தது நீங்கதானே, ஃபுசயே-சான்? இது உங்க முத்திரைதானே?"

ஃபுசயே தாளை எடுத்துப் பார்த்தார். சாய்ந்து கிடந்த தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் எப்போதும் நிமிர்த்திக் குத்துகிறவர். பிறகு ஒகுரியைப் பார்த்தார். ஒகுரி மேஜையில் இருந்த சாம்பல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கிண்ணத்தில் மூன்று சிகரெட் துண்டுகள் இருந்தன என்பது சாகும்வரை அவருக்கு மறக்காது.

"ஆமா. என் முத்திரைதான்" என்றார் ஃபுசயே. இடுப்பை வளைத்துக் குனிந்து, "ரொம்பத் தப்பு நடந்துபோச்சு" என்றார்.

அந்த வார்த்தை தரையைத் தொடுவதற்குள் ஒகுரி வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவர் மனைவி தொமிக்கு அப்போது எட்டாம் மாதம். வேலை போனால் என்ன ஆகும் என்று பயந்தார் என்று நாம் அவருக்காகச் சொல்லலாம். அவர் தனக்கே அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆனால் அந்த நிமிஷம் தொமியின் ஞாபகமே வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது.

ஃபுசயே அந்த வாரக் கடைசியில் வேலையை விட்டு, கமகோரியில் அண்ணன் வீட்டுக்குப் போனார். போகுமுன் தொமியைப் பார்த்து, பின்னிய சின்ன காலுறை இரண்டு கொடுத்துவிட்டுப் போனார். முத்திரை மட்டும் இழுப்பறையிலேயே கிடந்தது. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று தெரியவில்லை. ஒகுரி அதை எடுத்துத் தன் இழுப்பறையின் ஆழத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த மாதமே வெட்டைப் பன்னிரண்டு மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தினார். புதுப் பெயரோடு வந்த அந்த விமானம் எந்தப் பிள்ளை எப்படி ஒட்டினாலும் பறந்தது. பட்டறை நிமிர்ந்தது. ஒகுரி தலைமை வரைவாளர் ஆனார். "காகிதத்துலயே பறக்க வச்சுடுவார்" என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அப்போதெல்லாம் ஒகுரி தலையைக் குனிந்துகொள்வார். பார்க்கிறவர்களுக்கு அது அடக்கமாகத் தெரிந்தது.

ஃபுசயேயின் முகவரி தெரியாமல் போயிற்று என்று சொல்லக்கூட வழியில்லை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் தொமி அட்டை எழுதுவார், ஒகுரியின் பெயரையும் சேர்த்து. பதில் அட்டை தவறாமல் வரும். "ஃபுசயே-சான் எழுதியிருக்காங்க, பாருங்க" என்று தொமி மேஜைமேல் வைப்பார். "ம்" என்பார் ஒகுரி. அந்த அட்டையைத் திருப்பாமல் மற்ற அட்டைகளுக்கு அடியில் தள்ளிவிடுவார். அப்படிப் பதினெட்டு அட்டைகள். கமகோரி ரயிலில் அரை மணி நேரத்துக்கும் குறைவு.

ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு கொடுத்து, பூங்கொத்தும் கொடுத்து அனுப்பினார்கள். ககேஹி முதலாளி இரண்டு வருஷத்துக்கு முன்பே காலமாகியிருந்தார். இழுப்பறையைக் காலி செய்யும்போது முத்திரை கையில் வந்தது. ஒகுரி அப்போதே முதலாளியின் மகனிடம் போய், அறுபத்தொன்றில் நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னார். அந்த மனிதர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "நகயாவா? அப்படி ஒருத்தர் இங்க இருந்தாங்களா?" என்றார். பிறகு பூங்கொத்தை மறக்காமல் எடுத்துப்போகச் சொன்னார்.

வீட்டில் தொமியிடம் முகவரி கேட்டார்.

"பதினெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்" என்றபடி தொமி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். "துறைமுகத்துக்குப் பக்கத்துல, சிகுவா கடை. சும்மா போய் நிக்காதீங்க, ஏதாவது வாங்கிட்டுப் போங்க."

கடை வாசலில், மூங்கில் குச்சிகளைச் சுற்றி அப்பிய மீன் மாவு வரிசையாகச் சுட்டுக்கொண்டிருந்தது. அதுதான் சிகுவா. தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் குச்சிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஃபுசயே உள்ளேயிருந்து வந்தார். முடி வெளுத்திருந்தது, வாய் அப்படியே இருந்தது.

"அடடா, ஒகுரி-சான். என் தலையெழுத்தைப் பார்த்தீங்களா, குச்சியை விட முடியலை. அங்க குச்சியில காகிதம் ஒட்டினேன், இங்க குச்சியில மீனை ஒட்டறேன். பசை அளவு மட்டும் யாரும் கேக்கறதில்லை."

ஒகுரியால் சிரிக்க முடியவில்லை. சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டி, குனிந்தார். ரயிலில் வரும்போது மனப்பாடம் செய்த வார்த்தைகளில் பாதிதான் வந்தன. "நான்தான் குத்தினேன். நீங்க போட மாட்டேன்னீங்க. நான்தான்… அன்னிக்கு முதலாளி முன்னாடி… மன்னிக்கணும்."

"தெரியும்" என்றார் ஃபுசயே. "சாஞ்சு இருந்துச்சே. உங்க வீட்டம்மா வயித்தோட இருந்தாங்க. எனக்கு ஒரு வயிறு, உங்களுக்கு மூணு. போகட்டும்னு விட்டேன்."

"மன்னிக்கணும்" என்றார் ஒகுரி மறுபடியும்.

"அப்பவே கேட்டிருந்தீங்கன்னா, கையில தயாரா வச்சிருந்தேன், குடுத்திருப்பேன். இப்ப எங்க வச்சேன்னு தேடணும் ஒகுரி-சான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு முத்திரையை வாங்கி அதன் முகத்தைப் பார்த்தார். "நகயா. இதை வச்சு நான் என்ன பண்றது? நான் கராசவா ஆகிப் பத்து வருஷம் ஆச்சு." அடுப்படிப் பெரியவரைக் கண்ணால் காட்டினார். பெரியவர் தலையை அசைத்தார். "கல்யாணத்துக்கு உங்க ரெண்டு பேர் பேருலயும் பரிசா குளியல் துண்டு வந்துச்சே? பத்து வருஷமா அட்டையில கராசவான்னுதானே எழுதறேன்…"

அங்கே நிறுத்திவிட்டார். ஒகுரியின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கிப் போயிற்று.

"நீங்க படிக்கவே இல்லையா? ஒண்ணுகூடவா?"

இந்த முறை ஒகுரிக்குப் பார்த்துக்கொண்டிருக்கச் சாம்பல் கிண்ணமும் இல்லை.

"சரி" என்றார் ஃபுசயே. முத்திரையை அவர் கையிலேயே திருப்பி வைத்தார். நான்கு சிகுவாவைச் சூடாகக் காகிதத்தில் சுற்றி, "தொமி-சானுக்கு" என்று கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

வெயில் இருக்கும்போதே ஒகுரி வீடு வந்து சேர்ந்தார். செருப்பைக் கழற்றுமுன்பே, "ஃபுசயே-சானோட அட்டையெல்லாம் எங்க?" என்றார். தொமி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். பதினெட்டும் தனியாக, வருஷ வரிசையில், விமானத்துக்குப் போடும் ரப்பரால் கட்டி இருந்தன.

"தனியாவா வச்சிருக்க?"

"உங்களுக்குன்னு எழுதியிருந்தாங்களே. எனக்கு ஒண்ணும் புரியலை, விமான விஷயம்னு வச்சுட்டேன். நீங்க அப்பவே படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அச்சடித்த வாழ்த்துக்குக் கீழே பேனாவால் ஒரு வரி.

முதல் வருஷம்: 'ஒகுரி-சானுக்கு. வெட்டைப் பன்னிரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறீர்கள். வாங்கிக் கட்டிப் பார்த்தேன், நன்றாகப் பறக்கிறது. மனசு நிறைந்தது.'

இரண்டாம் வருஷம்: 'ஒகுரி-சானுக்கு. இங்கே கடற்கரையில் நல்ல காற்று. புது மாதிரி இருந்தால் எடுத்து வாருங்கள், பறக்கவிட்டுப் பார்க்கலாம். வேறு எதுவும் பேச வேண்டாம்.'

மூன்றாம் வருஷம்: 'ஒகுரி-சானுக்கு. முத்திரையை எடுக்க நானே தொயோஹாஷி ஸ்டேஷன் வரை வந்தேன். நீங்கள் கொண்டுவருவதுதான் முறை என்று திரும்பிவிட்டேன்.'

நான்காம் வருஷம்: 'ஒகுரி-சானுக்கு. கோபம் இல்லை.'

ஐந்தாம் வருஷத்து அட்டையில் அச்சடித்த வாழ்த்து மட்டும் இருந்தது. ஒகுரி அதைத் திருப்பிப் பார்த்தார். ஆறாவதைப் பார்த்தார், ஏழாவதைப் பார்த்தார். கடைசி அட்டை வரை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். தொமி சிகுவாவை வெட்டித் தட்டில் வைத்து, ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னார்.